உட்காருங்கப்பா, நாற்காலி வருது!

நாற்காலியைப் பற்றி ஆபீஸ்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலை ஒன்பதரைக்கு அதில் விழுந்தால் சாயந்திரம் ஆறு மணி வரை அதுதான் வீடு, வாசல், சமயத்தில் படுக்கை. சுழலும் நாற்காலி யாருக்கு, சுழலாத நாற்காலி யாருக்கு, கை வைத்தது யாருக்கு, கை உடைந்தது யாருக்கு என்பதில் அடங்கியிருக்கிறது உத்தியோகத்தின் மொத்த சூட்சுமமும். எந்த ஆபீஸிலும் நாற்காலி நம்மைத் தேடி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. நாம்தான் அதைத் தேடிக்கொண்டு அலைகிறோம். சில பேர் ரிடையர் ஆகும் வரைக்கும்!

தானாகத் தேடி வரும் நாற்காலி ஒன்று இருக்கிறது ஸார். ஆனால் முன்னால் வராது. பின்னாலிருந்து வரும். வந்து, முழங்காலுக்குப் பின்பக்கம் செல்லமாக ஒரு தட்டு. உடனே உட்கார்ந்துவிட வேண்டும். 'கொஞ்சம் இருங்க, செருப்பைச் சரி பண்ணிக்கறேன்' என்பதெல்லாம் அதனிடம் செல்லாது. உட்கார்ந்த சில விநாடிகளில் கால் தரையில் இருக்காது. அப்புறம் கீழே புல், பாறை, மரத்தின் உச்சாணிக் கிளை என்று வரிசையாகப் போகும். இதன் பெயர் சேர்லிஃப்ட்.

பனிச்சறுக்கு ஆடுகிறவர்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகப் பிறந்த சாதனம் இது. மேலே போனவர்கள் சறுக்கிக்கொண்டே கீழே வந்துவிடுவார்கள். அதனால் குளிர்காலத்தில் இந்த நாற்காலிகள் ஆளோடு ஏறும், காலியாக இறங்கும். பனி உருகிவிட்டால்? லட்ச லட்சமாகக் கொட்டி நட்ட தூணும் கம்பியும் பாதி வருஷம் சும்மா தொங்குவதை எந்த முதலாளி பொறுத்துக்கொள்வார்? கோடையில் 'மலையைப் பார்க்க வாரீர்' என்று டிக்கெட் போட்டுவிட்டார்கள். இதனால் என்னைப் போல, சறுக்கி விழுந்த அனுபவம் பாத்ரூமில் மட்டுமே உள்ளவர்களும் ஏறலாம்.

இந்த நாற்காலி பிறந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் யூனியன் பசிபிக் என்று ஒரு பெரிய ரயில்வே கம்பெனி. 1930-களில் அதற்குத் தலைவர் ஆவரெல் ஹாரிமன். மேற்கே போகிற ரயில்களுக்குக் குளிர்காலத்தில் கூட்டம் சேர்க்க வேண்டும். என்ன செய்யலாம்? ஒரு மலை வாசஸ்தலத்தையே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். இடம் பார்க்க ஓர் ஆஸ்திரியப் பிரபுவை அனுப்பினார். அவர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஐடஹோ மாநிலத்தில் கெட்சம் என்ற சிற்றூரைக் காட்டினார். வெள்ளிச் சுரங்கம் ஓய்ந்துபோய், செம்மறியாட்டு மந்தைகளை நம்பிக்கொண்டிருந்த ஊர். அதன் பக்கத்தில் எழுந்ததுதான் சன் வேலி. 1936 டிசம்பரில் திறப்பு விழா.

விழாவுக்கு வரும் பணக்காரர்களை மலைமேல் ஏற்றுவது எப்படி? அதுவரை இருந்த வழிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுபடுவது, சறுக்கு வண்டியில் இழுபடுவது என்று எல்லாமே இழுபறிதான். ஜேம்ஸ் கர்ரன் என்ற ரயில்வே எஞ்சினீயர் ஒரு படம் போட்டுக் காட்டினார். அவர் அதற்கு முன் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றுவதற்கு இயந்திரம் அமைத்த வேலையில் இருந்தவர். ஓடுகிற கம்பி, அதில் வரிசையாகக் கொக்கி, கொக்கிக்கு ஒரு தார். கர்ரன் கொக்கியைக் கழற்றிவிட்டு நாற்காலியை மாட்டினார். தார் இருந்த இடத்தில் மனுஷன். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு!

'விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது?' என்று கூட இருந்தவர்கள் பயந்தார்கள். கம்பெனியின் தலைமையகம் இருந்த ஒமாஹாவில் பரீட்சை நடந்தது. ஒமாஹா நம்ம தஞ்சாவூர் ஜில்லா மாதிரி தட்டையான பூமி. மலையும் கிடையாது, கோடை ஆதலால் பனியும் கிடையாது. ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வைக்கோலைப் பரப்பி அதில் ஒருவரை நிறுத்தினார்கள். அப்புறம் ரோலர் ஸ்கேட் மாட்டி நிறுத்தினார்கள். லாரி வந்து அவரை அள்ளிக்கொண்டு போக வேண்டும். எந்த வேகத்தில் வந்தால் அடிபடாமல் உட்கார முடிகிறது என்று பார்த்ததில், மணிக்கு 4, 5 மைல் சரிப்பட்டது. அந்தக் கணக்கில்தான் உலகத்தின் முதல் சேர்லிஃப்ட் ஓடியது. நாற்காலிக்கு ஓர் ஆள்தான். பக்கத்தில் பேச்சுத் துணை கிடையாது.

வாழைத்தார் விவரத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது என் அப்பா. அவர் 31 வருஷம் திருச்சி வாழைக்காய் மண்டியில் லோடுமேன்.

தொட்டியத்திலிருந்தும் லால்குடியிலிருந்தும் லாரி வந்து நிற்கும்போது விடிகாலை மூன்று, நாலு மணி இருக்கும். தலையில் சும்மாடு. பூவன், ரஸ்தாளி, மொந்தன் என்று எது வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். தார் ஒன்று 15 கிலோ, 20 கிலோ. ஒரு லாரிக்கு எத்தனை தார், ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்று பெருக்கிப் பார்த்தால் என் பி.ஈ. டிகிரி எத்தனை டன் எடை என்று தெரியும்.

இப்படித் தூக்கியே வாழ்ந்தவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தன்னை யாரும் தூக்கக் கூடாது. மலைக்கோட்டையின் 400-க்கும் மேற்பட்ட படிகளை அறுபது வயசு வரை மாசம் தவறாமல் ஏறினார். பழநியில் விஞ்ச் இருக்கிறதே, அதை அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார். "முருகன்கிட்ட உக்காந்துக்கிட்டா போறது?" என்பார். 2004-ல் அங்கே ரோப் காரும் வந்தது. "அது அவசரக்காரனுக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

முட்டி சும்மா இருக்குமா? சுமந்த அத்தனை டன்னுக்கும் வட்டி போட்டுக் கேட்க ஆரம்பித்தது. தில்லைநகர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இரண்டு முட்டியிலும் எலும்போடு எலும்பு உரசுகிறது, ஆபரேஷன்தான் வழி என்று சொல்லிவிட்டார். பழையபடி நடமாட ஆறு வாரம் ஆகும், அதுவரை ஒருவர் கூடவே இருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார்.

"ஆறு வாரம் என்னை எவன் தூக்குறது?" என்று கேட்டார் அப்பா.

"நான் பாத்துக்கறேன்ப்பா" என்றாள் தங்கை. திருச்சியிலேயே இருக்கிறாள்.

"பொம்பளப்புள்ள என்னைத் தூக்குறதா? போம்மா அந்தாண்ட."

பேச்சு அத்தோடு முடிந்தது. பணம்தான் பிரச்னை என்றால் கடன் வாங்கித் தீர்த்துவிடலாம். இது கௌரவம். எந்த பாங்கில் போய்க் கேட்பது?

அப்போது நான் ஐடஹோவின் தலைநகரான பாய்ஸியில் வேலையில் இருந்தேன். அம்மாவின் வருஷத் திதி முடிந்ததும் அப்பாவை ஆறு மாசத்துக்கு வரவழைத்தேன். டிக்கெட்டிலேயே வீல்சேர் வேண்டும் என்று குறித்திருந்தேன். ஏர்போர்ட்டில் காத்திருந்தபோது ஓர் ஊர்வலம் வந்தது. வீல்சேரில் அப்பாவின் பை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதை அப்பா தள்ளிக்கொண்டு வந்தார், தாங்கித் தாங்கி. தள்ள வேண்டிய சிப்பந்தி கையை வீசிக்கொண்டு கூட நடந்து வந்தார்!

2018 ஜூலை. அவர் ஊர் திரும்ப இன்னும் ஐந்து வாரம். ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு காரில் கிளம்பி சன் வேலிக்குப் போனோம். சுமார் 250 கிலோமீட்டர். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், எட்டு வயசு மகள், எல்லாம் பின் சீட்டில்.

அங்கே பிரதான மலைக்குப் பெயர் பால்ட் மவுண்டன். மொட்டை மலை! 'பால்டி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். உச்சி 9,150 அடி. நம்ம தொட்டபெட்டாவைவிட 500 அடி ஒசத்தி. முதலில் எட்டுப் பேர் உட்காரும் கண்ணாடிப் பெட்டியில் 7,700 அடி வரை கொண்டுபோய் விடுகிறார்கள். அது கோண்டோலா. நாலு பக்கமும் அடைப்பு, கதவு, ஸீட். அப்பாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. "பஸ்ஸு மாதிரிதானே" என்று ஏறிவிட்டார். அதற்கு மேல் உச்சிக்கு சேர்லிஃப்ட். திறந்த வெளி. நாலு பேர் உட்காரும் நாற்காலி, தலைக்கு மேல் கம்பி, காலுக்குக் கீழே காற்று.

அதைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க."

"தாத்தா பயந்துட்டார்" என்றாள் மகள். எட்டு வயசில் என்ன ராஜதந்திரம்! "யாரு, நானா?" என்று வேட்டி இருந்திருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். பேன்ட் ஆனதால் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வரிசைக்கு வந்தார்.

மனைவியும் மகளும் முன்னால் வந்த நாற்காலியில் ஏறிப் போய்விட்டார்கள். அடுத்தது நாங்கள். தரையில் ஒரு கோடு. அதில் போய் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அப்பாவின் நடையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவன் கை ஒரு பட்டன் பக்கம் போனது. வந்துகொண்டிருந்த நாற்காலி, கோயில் தேர் திருப்பத்தில் தயங்குகிற மாதிரி தயங்கி, மெள்ள வந்தது.

"உட்காருங்கப்பா, நாற்காலி வருது!"

உட்கார்ந்தார். தலைக்கு மேலிருந்த தடுப்புக் கம்பியை இழுத்து மடிக்கு மேல் இறக்கினேன். தரை நழுவியது.

முதல் தூண் தாண்டும் வரை அவர் பேசவில்லை. சேர்லிஃப்ட்டில் யாரும் சொல்லாத ஒரு விசேஷம், அமைதி. மோட்டார் ஒரு கோடியில் ஓடுகிறது; நமக்குக் கேட்காது. தூண் வரும்போது மட்டும் உருளைகளின் மேல் கம்பி ஏறி இறங்கி 'கடகடகட'. மற்றபடி காற்றுதான். பேச வேண்டாம் என்றால் பேசாமல் இருக்கலாம். பேசினால், முகத்தைப் பார்க்காமல் பேசலாம். ஓர் அப்பாவுக்கும் மகனுக்கும் இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு இருக்க முடியாது.

"கயிறுல முடிச்சு எங்கடா?" என்று கேட்டார். கயிற்றோடு பழகியவர் ஆயிற்றே.

"முடிச்சே கிடையாதுப்பா. ரெண்டு முனையையும் புரி பிரிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிடுவாங்க. சடை மாதிரி. சேர்த்த இடம் பருமனாகூடத் தெரியாது."

"நாற்காலியை எது பிடிச்சிருக்கு?"

"ஸ்பிரிங் வெச்ச கிடுக்கி. கீழ வந்ததும் கம்பியை விட்டுடும். அதான் நாம ஏறுறப்ப ஆமை மாதிரி வருது. நாம உக்காந்ததும் மறுபடி கவ்விக்கும். இப்ப விநாடிக்கு அஞ்சு மீட்டர் போறோம்."

"அப்ப ஒவ்வொரு ரவுண்டும் விட்டு விட்டுப் பிடிக்குதா?" அண்ணாந்து பார்த்தார். "நம்ம தலைக்கு மேல போறப்ப விடாதே?"

"விடாது."

"சொல்லிவெச்சியா?"

இந்த இடத்தில்தான் அவருக்கு வாழைத்தார் கதையைச் சொன்னேன். கப்பல், கம்பி, கொக்கி, கர்ரன், லாரி, வைக்கோல் எல்லாவற்றையும். கவனமாகக் கேட்டார். சரித்திரத்தில் அவருக்கு எப்போதும் அக்கறை கிடையாது. இது தொழில் விஷயம்.

"கொக்கியிலயா மாட்டுனாங்க? காம்பு ஒடியுமேடா. பச்சைத் தாரா, பழுத்ததா?"

"கப்பல்ல பச்சையாத்தான் போகும்."

"அப்ப சரி." கொஞ்ச நேரம் கழித்து, "கொக்கி வர்றதுக்கு முன்னாடி அதையெல்லாம் யாரு தூக்குனது?"

"ஆளுங்கதான்."

"கொக்கி வந்ததும் அவங்க என்னா ஆனாங்க?"

இதை எந்தப் புத்தகமும் என்னிடம் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "வேற எதையாச்சும் தூக்கியிருப்பாங்க. தூக்கிப் பழகுனவன் சும்மா இருக்க மாட்டான்."

இன்னொரு தூண். கடகடகட. கீழே குளிர்காலத்தில் பனி தூவுகிற பீரங்கிகள், வேலையில்லாப் பட்டதாரிகள் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. சரிவு முழுக்க மஞ்சளும் ஊதாவுமாகக் காட்டுப் பூ.

"என் வெயிட்டு எத்தனை கிலோடா?"

"போன வாரம் பார்த்தப்ப 68."

மனசுக்குள் வகுத்தார். "மூணரைத் தார்" என்றார். உடனே சிரித்துவிட்டார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "மூணரைத் தாரை ஏத்திக்கிட்டுப் போறான்டா வெள்ளைக்காரன். கூலி நாம குடுக்குறோம்!"

சிரித்து முடித்துவிட்டு, கையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பூவைப் பார்க்க இந்தப் பக்கமும் மனைவியைப் பார்க்க அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தேன். நாற்காலி ஊஞ்சல் ஆடியது.

"ஆடாதே" என்றார். "சுமை ஆடக் கூடாது. தாரு 20 கிலோ இருந்தாலும் ஆடாம இருந்துச்சுன்னா தூக்குறவனுக்குப் பாரமே தெரியாது. பத்து கிலோ ஆடுச்சுன்னா ஆளையே சாச்சிடும்."

31 வருஷத் தொழில் ரகசியம். தூக்குவதைப் பற்றி அவர் இதற்கு முன் பேசிக் கேட்டதுண்டு. தூக்கப்படுவதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று சொன்னது அன்றைக்குத்தான். ஆபரேஷன் பேச்சை எடுக்கலாமா என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். தப்பிக்க வழியில்லாத இடத்தில் ஒருவரை மடக்கிப் பேசுவது தர்மம் இல்லை. தவிர, அங்கே டி.வி.யும் கிடையாது, பாவம்!

உச்சி வந்தது. 'கம்பியைத் தூக்கு' என்ற பலகை. இறங்குவதும் ஒரு கலை. எழுந்து நேராக நாலு எட்டு நடந்துவிட வேண்டும். நின்றால் நாற்காலி பின்னாலிருந்து இடிக்கும். மேலே இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தாள். அப்பா எழுந்து, தாங்கித் தாங்கி ஒதுங்கி, திரும்பிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வந்த நாற்காலி சர்ரென்று பழைய வேகத்துக்குப் போய்விட்டது.

"நமக்கு மட்டும் மெதுவா வந்துச்சா?"

"ஆமாப்பா. கீழ அந்தப் பையன் போன் பண்ணிச் சொல்லியிருப்பான்."

"அதுக்குத் தனிக் காசா?"

"இல்லப்பா. கேட்டா எல்லாருக்கும் மெதுவாக்குவாங்க."

"கேக்கணும்" என்றார்.

"கேக்கணும்."

ஒன்றும் சொல்லாமல் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் மலை, மலைக்குப் பின்னால் மலை. ஜூலையிலும் எட்டத்துச் சிகரங்களில் திட்டுத் திட்டாகப் பனி. கீழே கெட்சம் ஊர் தீப்பெட்டி அடுக்கின மாதிரி. அடிவாரத்தில் விட்ட வெயில் இங்கே ஆறேழு டிகிரி குறைந்து சில்லென்றிருந்தது. 9,150 அடியில் புளிசாதத்துக்குத் தனி ருசி என்பது என் அனுபவ உண்மை. பக்கத்தில் நாலைந்து இளவட்டங்கள் நாற்காலியில் மாட்டிக் கொண்டுவந்த சைக்கிள்களை இறக்கி, சரிவில் பாய்ந்தார்கள். "ஏறுறதுக்கு நாற்காலி, இறங்குறதுக்கு சைக்கிளா? நல்ல ஊருடா" என்றார் அப்பா.

இறக்கம் வேறு ரகம். இதைக் கோடைக்காரர்கள் மட்டும்தான் அனுபவிக்க முடியும். குளிர்காலக்காரர்கள் சறுக்கிப் போய்விடுகிறார்களே! ஏறும்போது நம் முகம் மலையைப் பார்த்திருக்கும். எதிரே எப்போதும் தரை. இறங்கும்போது நாற்காலி வெட்டவெளியைப் பார்க்கிறது. மேடையைத் தாண்டியதும் பூமி கழன்று கீழே போய்விடும். பள்ளத்தாக்கு முழுசும் கால் விரலுக்கு அடியில். ஏறும்போது ஜோராகப் பேசிய பலர் இறங்கும்போது இஷ்ட தெய்வத்தோடு மட்டும் பேசுவார்கள்.

கோட்டில் போய் நின்றோம். நான் அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா வலது கையை உயர்த்தினார். உள்ளங்கை தரையைப் பார்க்க, மேலும் கீழுமாக மெள்ள அசைத்தார். மண்டியில் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது டிரைவருக்குக் காட்டுகிற அதே சைகை. மெதுவா... மெதுவா... வரலாம்... போதும். ஐடஹோ பெண்ணுக்குத் திருச்சி மண்டி பாஷை அட்சரம் பிசகாமல் புரிந்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு பட்டனை அழுத்தினாள். நாற்காலி தவழ்ந்து வந்தது. உட்கார்ந்தார், ராஜா மாதிரி.

பூமி கழன்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சும்மாடும் தாரும் காய்ப்பேற்றிய கை.

"ஆடாம இரு" என்றார்.

நீங்களும் ஏற வேண்டிவந்தால் சில யோசனைகள். அமெரிக்கா வரை போக வேண்டாம். பீகாரில் ராஜ்கீரில், மலைமேல் இருக்கும் விஸ்வ சாந்தி ஸ்தூபத்துக்குப் போக ஒற்றை ஆள் நாற்காலிகள் உண்டு. கர்ரனின் பழைய டிசைன் போலவே தனிமை. இமயமலையில் ஔலியிலும் சேர்லிஃப்ட் உண்டு. கழன்று விழும் செருப்பு வேண்டாம். பையை முதுகிலிருந்து கழற்றி மடியில் வையுங்கள். நாற்காலி வரும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, ஒரு கையால் பிடித்து உட்காருங்கள். கம்பியை இறக்க மறக்காதீர்கள். வழியில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் எங்கோ ஒருவர் ஏறவோ இறங்கவோ தடுமாறியதால் நிறுத்தியிருப்பார்கள். கூட வயசானவர்கள் இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள். சைகையே போதும்.

பாய்ஸி திரும்பும் வழியில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பாதி தூரம் வந்திருப்போம். முன் சீட்டிலிருந்து குரல் வந்தது. "அந்த டாக்டரு எத்தனை வாரம்னாரு?"

"ஆறு வாரம்ப்பா."

"பொங்கல் கழியட்டும்."

நம் ஊரில் 'பொங்கல் கழியட்டும்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்பார்களே, அந்த ஜாதி. நானும் நம்பவில்லை. அவர் ஊருக்குப் போனார். தீபாவளி வந்தது. பொங்கலும் வந்தது. மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் தங்கையிடமிருந்து போன். "அண்ணா, அப்பா டாக்டர்கிட்ட தேதி கேட்டுட்டு வந்திருக்காரு. நீ லீவு சொல்லு."

2019 மாசி மாசம் ஆபரேஷன். நான் போயிருந்தேன். முடிந்து தியேட்டரிலிருந்து ஸ்ட்ரெச்சரில் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கட்டிலுக்கு மாற்ற வேண்டும். வார்டு பையன் ஒருவன், ஒரு நர்ஸ், தங்கை, நான். நாலு பேரும் போர்வையின் நாலு மூலையைப் பிடித்தோம். மயக்கம் முழுசாகத் தெளியாத அப்பா, இரண்டு கையையும் மார்பின் மேல் கட்டிக்கொண்டார். உடம்பைக் கட்டை மாதிரி ஆக்கிக்கொண்டார். துளி அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று... கட்டிலுக்கு மாற்றிவிட்டோம்.

"தாத்தா, பாரமே தெரியல போங்க!" என்றான் வார்டு பையன்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "31 வருஷ சர்வீஸ் தம்பி."